கைதட்டினால் வருவோம்

"சட்டைப் பையைத் தொடாதீங்க. தொடாதீங்கன்னா தொடாதீங்க!"

இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா மூன்றாவது முறையாக இதைச் சொன்னபோது, பூவலிங்கத்தின் கை நான்காவது முறையாகப் பையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பையில் ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அவர் டீக்கடையில் சம்பாதித்த பணம்தான். ஆனால் லஞ்ச ஒழிப்புப் போலீசார் அதில் ரசாயனப் பொடியைத் தடவி, எண்களைக் குறித்துக்கொண்டு, பையில் திரும்ப வைத்ததிலிருந்து அது அடுத்த வீட்டு நாயை மடியில் வைத்திருப்பது போலிருந்தது.

"அந்தாள் கேக்கணும். நீங்க குடுக்கணும். அவர் கையால வாங்கணும். வாங்கினதும் துண்டால முகத்தைத் துடைங்க, நாங்க உள்ள வந்துருவோம். எல்லாம் அஞ்சே முக்காலுக்குள்ள முடியணும்."

"அதுக்கப்புறம் வாங்கினா?"

"இன்னிக்கு ஜூன் முப்பது. அந்தாள் ரிட்டயர் ஆகுற நாள். அஞ்சே முக்காலுக்கு மேல அவர் வெறும் ஆள். வாங்கினா அது லஞ்சமில்ல, மொய்."

பூவலிங்கத்துக்கும் அதே அஞ்சே முக்கால்தான் கெடு. மகள் மோனிஷாவுக்கு நாளைக் காலை சென்னையில் கல்லூரிக் கலந்தாய்வு. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவளுக்குக் கட்டணம் தள்ளுபடி உண்டு. ஆனால் ‘முதல் பட்டதாரி’ சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் துணைத் தாசில்தார் கனகசபாபதி. அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் அடுத்த ஆள் வந்து உட்காரப் பத்து நாளாகும். சான்றிதழ் இல்லாமல் போனால் கட்டணத்தைக் கட்ட டீக்கடையை விற்றாலும் போதாது. மோனிஷா இப்போதே பேருந்து நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஏற்கனவே ஆயிரம் கொடுத்தாயிற்று. "அது பைலைத் தொட்டதுக்கு. கையெழுத்துக்கு மூவாயிரம்" என்று கனகசபாபதி சொன்னபோதுதான் பூவலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு நேராக லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்குப் போய்விட்டார். இப்போது யோசித்துப் பார்த்தால், வயிறு கொஞ்சம் பொறுமையாக எரிந்திருக்கலாம்.

"மேடம், ஒரு விண்ணப்பம். அவரு கையெழுத்துப் போட்ட பெறவு பிடிங்க. முன்னாலயே பிடிச்சுட்டா எம்புள்ளைக்கு யாரு போடுவா?"

"நீங்க சைகை காட்டினா நாங்க பிடிப்போம். எப்ப காட்டணும்னு உங்க சாமர்த்தியம்."

கூடப் போகச் சாட்சி ஒருவர் வேண்டும்; அதுவும் வேறு துறை அரசு ஊழியராக இருக்க வேண்டும். கருவூலத்திலிருந்து உலகநாதன் என்ற எழுத்தரைப் பிடித்து வந்திருந்தார்கள். ஒல்லியான மனிதர். பையில் மூன்று பேனா. பூவலிங்கத்தின் மைத்துனராக நடிக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

"மச்சான்னு கூப்பிடுங்க" என்றார் பூவலிங்கம்.

"அது சரி. ஆனால் நீங்கள் எனக்கு அக்காள் கணவரா, தங்கை கணவரா? யாராவது விசாரித்தால் முரண்பாடு வரக்கூடாது பாருங்கள்."

"எம்பொண்டாட்டிக்கு நீங்க அண்ணன்."

"குறித்துக்கொள்கிறேன்" என்று உண்மையிலேயே குறித்துக்கொண்டார்.

தாலுகா அலுவலக வாசலில் நாலு மணி வெயில் இன்னும் இறங்கவில்லை. பூவலிங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது. டீ மாஸ்டர், நிமிடத்துக்கு ஒரு தடவை முகம் துடைத்துப் பழகிய ஆள். தோளில் துண்டு கிடக்கிறது, துடைக்கக் கூடாது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. அவர் கண்ணை மூடிமூடித் திறந்ததைப் பார்த்த உலகநாதனுக்கு மனம் இளகிவிட்டது. துண்டை உருவி, பெற்ற பிள்ளைக்குத் துடைப்பது போல அவர் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார்.

புளியமரத்தடியிலிருந்து சாதாரண உடைப் போலீசார் நான்கு பேர் பாய்ந்து வந்தார்கள்.

"இல்ல, இல்ல! இன்னும் இல்ல!" என்று பூவலிங்கம் இரண்டு கையாலும் விரட்டினார்.

அதற்குள் காவலாளி அவர்களை மறித்துவிட்டார். "யாருங்க நீங்க? ஐயாவோட வழியனுப்பு விழாவுக்கா?"

"ஆமா, விழாவுக்குத்தான்" என்றார் நால்வரில் ஒருவர். வேறென்ன சொல்ல முடியும்? காவலாளி அவர்களை அன்போடு அழைத்துப் போய், ஜன்னலோரம் உட்காரவைத்து, ஆளுக்கொரு தட்டில் கேசரியும் மிக்சரும் கொடுத்துவிட்டார்.

பூவலிங்கத்தின் கைபேசி அடித்தது. "சைகையை மாத்தியாச்சு" என்றார் ஜெசிந்தா. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது கேட்டது. "துண்டைத் தூக்கிப் போடுங்க. அவர் காசு வாங்கினதும் கைதட்டுங்க. விழா நடக்குற இடம், யாருக்கும் சந்தேகம் வராது. எங்க ஆளுங்க உங்க கையை மட்டுந்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க. நீங்க தட்டினா வருவோம்."

நல்ல யோசனைதான். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது.

மேடையில் மாலைகளுக்கு நடுவே கனகசபாபதியின் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. ஒருவர் பேசினார்: "முப்பத்துநாலு வருஷம்! அந்தக் கை சுத்தமான கை!" அரங்கமே கைதட்டியது. பூவலிங்கம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஜன்னலோரத்தில் நான்கு ஜோடிக் கண்கள் கேசரிக்கு மேலாக அவரையே முறைத்துக்கொண்டிருந்தன.

பக்கத்து நாற்காலி வருவாய் ஆய்வாளர் திரும்பினார். "என்னய்யா, கைதட்டினா காசு குடுக்கணும்னு நெனச்சியா?"

"கையில சுளுக்குங்க."

"ரெண்டு கையிலுமா?"

"மச்சானுக்குப் பிறவியிலிருந்தே அப்படித்தான்" என்று உலகநாதன் உதவிக்கு வந்தார். அந்த ஆய்வாளர் நல்ல மனிதர். உடனே பூவலிங்கத்தின் வலது கையை வெளியே இழுத்து உருவிவிட ஆரம்பித்தார். அடுத்த பேச்சாளர் முடித்ததும் மறுபடி கைதட்டல். பூவலிங்கம் கையை விடுவிக்க, அவர் இழுக்க, ஜன்னலோரத்தில் ஒரு போலீஸ்காரர் பாதி எழுந்து, யோசித்து, உட்கார்ந்தார்.

ஏழு பேர் பேசினார்கள். மணி ஐந்து பத்து. எட்டாவது ஆள் பத்துப் பக்கத் தாளோடு எழுந்ததைப் பார்த்ததும் பூவலிங்கத்துக்கு உயிரே போய்விட்டது. இனி உட்கார்ந்திருந்தால் மகளின் படிப்பு இந்த மிக்சர் தட்டோடு முடிந்துவிடும். எழுந்தார். நேராக மேடைக்கு நடந்தார்.

"ஆகா! பொதுமக்கள் சார்பில் ஒருவர் பாராட்ட வந்திருக்கிறார்!" என்று யாரோ ஒலிபெருக்கியை அவர் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார்கள்.

பூவலிங்கம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், உள்ளதைச் சொன்னார்.

"ஐயாவைத் தேடிப் பதினோரு தடவ வந்திருக்கேன். ஒரு தடவகூட ‘முடியாது’ன்னு சொன்னதில்ல. ‘நாளைக்கு வா’ன்னுதான் சொல்லியிருக்காரு."

கூரை பிய்த்துக்கொள்ளும்படி கைதட்டினார்கள். கனகசபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. பதவிக்காலத்தில் பொதுஜனம் ஒருவன் தன்னைப் பற்றி நல்லதாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. எழுந்து வந்து இரண்டு கையையும் விரித்து, நெஞ்சோடு கட்டிக்கொள்ள வந்தார்.

பையில் பொடி! இப்போதே அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டால் வழக்கு என்ன ஆவது? பூவலிங்கம் வேறு வழி தெரியாமல் பொத்தென்று காலில் விழுந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வருவாய் ஆய்வாளர் கைக்குட்டையை எடுத்தார்.

கனகசபாபதி குனிந்து தூக்கிவிடும்போது காதோரம் கேட்டார். "கொண்டாந்தியா?"

"கொண்டாந்துட்டேன்யா."

"ரூமுக்கு வா."

அறைக்குள் போனபோது ஐந்து இருபத்தைந்து. உலகநாதனும் பின்னாலேயே வந்தார்.

"இது யாரு?"

"என் மனைவியின் அண்ணன்… இல்லை, இவர் மனைவியின் அண்ணன்" என்றார் உலகநாதன்.

"எவனா இருந்தா என்ன. மொதல்ல அதை எடு."

"மொதல்ல கையெழுத்துப் போடுங்கய்யா."

"முப்பத்துநாலு வருசத்துல எங்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"காலில விழுந்தவன்யா. ஏமாத்துவனா?"

அது வேலை செய்தது. கனகசபாபதி விண்ணப்பத்தை எடுத்து, சற்றுமுன் பரிசாக வந்த தங்கமுலாம் பேனாவைத் திறந்தார். அதில் மை இல்லை. உலகநாதன் தன் மூன்றில் ஒன்றை நீட்டினார். கையெழுத்து விழுந்தது. பூவலிங்கத்துக்கு மூச்சு வந்தது. உடனே போனது: "சீல் வைக்கணுமே. சீல் பீரோவுக்குள்ள இருக்கு. சாவி பியூன்கிட்ட."

பியூன் கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார். பூவலிங்கம் ஓடினார். "சாவி உள் சட்டையில இருக்குண்ணே, கையெல்லாம் நெய்யி, நீங்களே எடுத்துக்கோங்க" என்றார் பியூன். முன்பின் தெரியாத மனிதரின் சட்டைக்குள் கைவிட்டுத் துழாவி, அவர் கூச்சம் தாங்காமல் நெளிய, ஜன்னலோர நால்வரும் வாயைப் பிளந்து பார்க்க, சாவியோடு திரும்பி ஓடிவந்தார். ஐந்து நாற்பத்தொன்றுக்கு முத்திரை பொத்தென்று விழுந்தது.

சான்றிதழை இடது கையில் வாங்கிக்கொண்டு வலது கையால் நோட்டுகளை நீட்டினார். கனகசபாபதி விரலால் எச்சில் தொட்டு எண்ணி, கால்சட்டைப் பையில் வைத்தார்.

பூவலிங்கம் கைதட்டினார்.

யாரும் வரவில்லை. பக்கத்து அரங்கில் நன்றியுரைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அரங்கைப் பார்த்த அறை ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் இன்னும் பலமாகத் தட்டினார். குதித்துக் குதித்துத் தட்டினார். உள்ளங்கை எரிந்தது.

"போதும்யா. ஒரு கையெழுத்துக்கா இவ்ளோ சந்தோசம்?" என்றார் கனகசபாபதி. "இந்தா, கையக் குடு."

உலகநாதன்தான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே எட்டிப் பார்த்து, அலுவலகக் குரலில், "இனி வரலாம்" என்றார்.

வந்தார்கள். ஜெசிந்தா முன்னால், வாயைத் துடைத்துக்கொண்டு நால்வர் பின்னால். "மணி அஞ்சு நாப்பத்துமூணு! எல்லாரும் பாத்துக்கோங்க!" கண்ணாடித் தம்ளரில் கரைசல் வந்தது. கனகசபாபதியின் விரல்கள் அதில் இறங்கியதும் பொடி பட்டுத் தண்ணீர் ரோஜா நிறமாக மாறியது. பையிலிருந்த நோட்டுகளின் எண்கள் ஒன்றுவிடாமல் பொருந்தின. கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் அவர் நாற்காலியில் சரிந்தார்.

"பதவியில இருக்கும்போதே பிடிச்சாச்சு!" ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. பிறகு பூவலிங்கத்தின் பக்கம் கையை நீட்டினார். "அந்தச் சான்றிதழைக் குடுங்க. அது சாட்சிப் பொருள்."

"மேடம்!"

"கோர்ட்டுக்குப் போகணும். கேஸ் முடிஞ்சதும் திருப்பித் தருவாங்க."

"எப்ப முடியும்?"

"ஏழெட்டு வருசத்துல."

பூவலிங்கம் அழுதேவிட்டார். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. "அதுக்குள்ள எம்புள்ளைக்குப் புள்ள பொறந்துரும் மேடம். அந்தப் புள்ளைக்குத்தான் இத வச்சுக்கணும்."

ஜெசிந்தாவும் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறவர்தான். "சரி. நகலை நாங்க வச்சுக்கிறோம். அசலை நீங்க கொண்டுபோங்க."

நகல் எடுத்து வந்தார்கள். பூவலிங்கம் அசலை மடிக்காமல் நெஞ்சில் அணைத்துக்கொண்டு மகளை அழைத்தார். "கெடைச்சிருச்சும்மா! பஸ் வந்தா ஏறிரு, நான் வழியில வந்து குடுத்துர்றேன்!" பதினோரு நடையும் ஒரு நாள் நெஞ்சடைப்பும் ஒன்றுமில்லாமல் போய், உலகம் நல்ல இடமாகத் தெரிந்தது.

மேசையில் உலகநாதன் அழகான கையெழுத்தில், நடந்ததற்கான சாட்சி அறிக்கையாக, மகஜர் எழுதிக்கொண்டிருந்தார். "பெயர், பதவி எழுதிவிட்டேன். பிறந்த தேதி?"

"ஜூன் ஒண்ணு" என்று முனகினார் கனகசபாபதி.

உலகநாதன் எழுதவில்லை. பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"மேடம், ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் அதற்கு முந்தின நாளே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி, இவர் மே முப்பத்தொன்றிலேயே வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஆள், ஆகவே இன்று இவர் போட்ட கையெழுத்தும் செல்லாது, வாங்கின லஞ்சமும் செல்லாது."