ஸ்தோத்திரக் கூட்டம் வேண்டாம், அத்தான்

நாகலாபுரம்,
மாசி, 1999

கர்த்தருக்குள் பிரியமான கிருஷ்ணராஜ் அத்தானுக்கு, உங்கள் தங்கை பேபியின் வீட்டுக்காரன் விஜயராஜ் எழுதுவது. கடிதத்தின் தலையில் வழக்கமாக எழுதும் ‘ஸ்தோத்திரம்’ இந்த முறை இல்லை. மறந்துபோய் விடவில்லை. தூத்துக்குடியில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க வேண்டும். பேபி இன்னும் படுக்கையில்தான் இருக்கிறாள். அவள் உயிர் பிழைத்ததற்காக வருகிற ஞாயிறு எங்கள் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்த வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, “நல்லதோ கெட்டதோ, எது வந்தாலும் ஒடனே ரெண்டு கையையும் தூக்கி நன்றி சொல்லிப் பழகும் மாப்ளே, மனசு லேசாயிரும்” என்றீர்கள். பழகினேன். பால் திரிந்தது, நன்றி. பஸ் போய்விட்டது, நன்றி. பல் டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார், ரத்தத்தைத் துப்பிவிட்டு அதற்கும் நன்றி. “கெட்ட பல்லு உள்ளதான இருக்கு, அதுக்கும் சேத்துச் சொல்லிட்டியளா?” என்று பேபி கேட்டாள்.

தையில் அறுத்த உளுந்தஞ்செடி களத்தில் கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் காட்டுக் கொம்பையாவின் செடி குவியலிலேயே முளைத்துவிட்டது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, நான் குடைக்குள் நின்று நன்றி சொன்னேன். “அண்ணாச்சி, செத்த நிறுத்தும். நீரு நன்றி சொல்லச் சொல்ல, புடிச்சுப்போச்சு போலன்னு ஒம்ம சாமி இன்னும் ஊத்துதாரு” என்றார்.

எங்கள் செடியை மூடுவதற்குத் தார்ப்பாய் வேண்டும். அது கொட்டகைத் தகரத்தின்மேல் கிடந்தது. என் கனத்தைத் தகரம் தாங்காது என்று பேபிதான் ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். தார்ப்பாயோடு அவள் இறங்கும்போது பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. பழக்கம், அத்தான். என் இரண்டு கையும் தானாக மேலே போய்விட்டன. ஏணி சேற்றில் சறுக்கிவிட்டது, கீழே கிடந்த கல்லில் அவள் முதுகு அடிபட விழுந்தாள். அப்போதும் நான் ஸ்தோத்திரத்தை ஆரம்பித்துவிட்டேன். “இங்கேருங்க, என்னத் தூக்குவியளா, ஜெபம் பண்ணுவியளா?” என்று முனகினாள்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில், இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, இனி நடப்பது சந்தேகம் என்றார்கள். சபையார் வந்தார்கள். தலையில் அடிபடாததற்கு ஒருவர் நன்றி சொன்னார், கை விளங்குவதற்கு இன்னொருவர். அவர்கள் போனதும் பேபி சுவரைப் பார்த்தபடி, “வந்தவிய எல்லாம் நன்றி சொல்லிட்டுப் போறாவ. எனக்குப் பயமா இருக்குங்க. அத ஒருத்தரும் கேக்கல. கொம்பையா வீட்டுச் சங்கரம்மா மட்டுந்தான் பக்கத்துல உக்காந்து அழுதா” என்றாள்.

நான் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் வார்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஆண்டவரே, இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். நர்ஸ் ஓடிவந்து யார் செத்தது என்று கேட்டாள். பேபி என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகையால் இப்போது எங்கள் வீட்டில் கூட்டம் கிடையாது, சாப்பாட்டுக்கு முன் ஜெபமும் கிடையாது. நான் ஊட்டுகிறேன், அவள் சாப்பிடுகிறாள். சபை ஐயரிடமும் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் பிள்ளைகளை ஆண்டவர் காக்கட்டும். எனக்கும் அவருக்கும் உள்ள மனத்தாங்கலை அவர்கள்மேல் வைக்க மாட்டார்.

இப்படிக்கு,
விஜயராஜ்

பி.கு.: கவரை ஒட்டும்போது பேபி அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், “காலுல என்னமோ கடிக்குதுங்க!” என்கிறாள். போர்வையை விலக்கினேன். இடது கால் பெருவிரலில் ஒரு கட்டெறும்பு. நசுக்கப் போனேன். “ஐயோ, கொல்லாதீங்க! இன்னொரு தடவ கடிக்கட்டும், பாப்போம்.” கடித்தது. மறுபடியும் அலறினாள். இரண்டு பேரும் அழுதோம். ஒரு விரலை வைத்து ரொம்ப நம்பிவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லுவார், சொல்லட்டும். ஞாயிறு கட்டாயம் வாருங்கள், ஐயரை நானே கூப்பிடுகிறேன். வரும்போது சீனி வாங்கி வாருங்கள். வீட்டில் இருந்ததையெல்லாம் கட்டிலைச் சுற்றிக் கொட்டச் சொல்லிவிட்டாள்.