இரண்டு ஹெர்பிஸும் ஒரே கிண்ணமும்

கர்த்தருக்குள் அன்பான அக்கா மகன் நோயலுக்கு,

ஊரிகத்திலிருந்து மாமா ஏனோக் எழுதுவது. தேவகிருபையால் இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எங்கே, நீ விட்டுவைத்தால்தானே!

என் காக்டெய்ல் கிளி ஒன்று திடீரென்று செத்தது. பக்கத்து வீட்டு டென்சிலின் புறாக்கள்தான் சீக்கைக் கொண்டுவந்தன என்று ஊரெல்லாம் தமுக்கடித்தேன். அவனும் என்னோடு பேச்சை நிறுத்தினான். இரண்டு வீட்டுப் பறவைகளின் எச்சத்தையும் பெங்களூரில் உன் ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். தப்பா? ஆராதனை முடிந்து சபையார் டீ குடிக்கும் நேரம் பார்த்து உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, உங்களுக்கு ஹெர்பிஸ் பாசிட்டிவ். டென்சில் அங்கிளுக்கும் பாசிட்டிவ். ஆனா ரெண்டும் வேற வேற வைரஸ், அவர்கிட்டருந்து உங்களுக்கு வரல. உங்க கேஜ்ல புதுசா யாரு வந்தாங்க? பாக்க நல்லாத்தான் இருப்பாங்க, அவங்கதான் குடுத்திருப்பாங்க."

அடப்பாவி! ஹெர்பிஸ் என்றால் சபையாருக்குத் தெரிந்தது தப்புத்தண்டாவில் ஒட்டும் சீக்குதான். பறவை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் கோணிக்கொள்ளுமா? கேஜ் என்றால் இந்த ஊரில் கூண்டா? சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் பெட்டியடா! கிழவர் மரியகுழந்தை பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா ஏனோக்கு, சுரங்கத்த மூடி கேஜு நின்னு இருவது வருசத்துக்கு மேல ஆவுதே, அப்போ புடிச்சதா இன்னா?" என்றார். புதிதாக வந்தது பங்காருப்பேட்டைக் கிளிதான் என்று நான் கத்தினேன். "பேரு இன்னா?" என்றாள் மாதர் சங்கத்துப் பியூலா. என் பெண்டாட்டி வின்னிக்குக் கிளியைத் தெரியும். இருந்தும் என் தம்ளரைத் தனியாக வைத்துவிட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வருகிற ஞாயிறு திருவிருந்து. எங்கள் சபையில் திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம். "நாம் ஒரே சரீரம்" என்று உருகுகிற வாய்கள் எனக்குப் பின்னால் அதில் படாதாம்! இருமி இருமிக் குடிக்கிறவனெல்லாம் முன்வரிசை. நானும் டென்சிலும் கடைசி என்று கமிட்டி தீர்மானம். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருக்கிறது. நீ நேரில் வந்து, சீக்கு பறவைக்குத்தான், அது மனுசனுக்கு ஒட்டாது என்று சபை நடுவே சொல்லு. இல்லாட்டி இந்த மூஞ்சிய எங்கடா வச்சிக்கிறது?

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் நாக்கையும் காப்பாராக.

இப்படிக்கு,
மானம்போன மாமா,
ஏனோக்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு முடிந்துவிட்டது. நீ வரவேண்டாம். கடைசியில் நாங்கள் இருவர்தான் நின்றோம். ஜெபித்த ரசம், மிச்சத்தைக் கொட்டக்கூடாதாம். எங்கள் வாய் பட்டதைக் குடிக்கப் போதகருக்கும் பயம். முக்கால் கிண்ணத்தையும் எங்களிடமே தந்துவிட்டார். டென்சில் மீசையைத் துடைத்துக்கொண்டு என் காதில் சொன்னான்: "ஏனோக்கு, பறவைக்கு வந்த சீக்குன்னு எவங்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."