வண்டிக்கடியில் மரநாய்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கால் சூடாக இருக்கிறதல்லவா? கால் சூட்டுக்காக ஒரு மனிதர் பட்ட பாடுதான் இன்றைய கதை. வயிறு வலிக்கச் சிரிக்காமல் உங்களை எழுந்திருக்க விடமாட்டேன்.

"மறுபடியும் கால் பனிக்கட்டி ஆயிடுச்சு! இன்னிக்கு வண்டிக்கடியில முழுசா பாத்து முடிக்காம பாதியில உள்ளே வந்தீங்கன்னா, நாளைக்கே இந்த வண்டியை விக்கிறோம், லோதர்!" என்றாள் ரோஸ்விதா.

லோதரின் கையிலிருந்த சாசேஜ் கடுகுக் கிண்ணத்தில் விழுந்தது. வண்டியென்றால் சாதாரண வண்டியா? கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. ஓய்வு பெற்ற மறுநாளே வாங்கி, குழந்தையைப்போலக் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருக்கிறார். பனிக்காலம் முழுக்க, வீட்டு வண்டிகள் நிற்கும் பவேரிய மலையடிவார முகாமில், அதற்குள்தான் கணவனுக்கும் மனைவிக்கும் வாசம்.

"அந்த மரநாய்தான்!" என்று பல்லைக் கடித்தார்.

ஹீட்டரிலிருந்து படுக்கையறைக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் ஹோஸ் குழாய், வண்டிக்கு அடியில் போகிறது. இந்த வாரம் முழுக்க, மதியச் சாப்பாடு முடிந்ததும் அது கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் மரநாயைத்தான் சபிப்பார்கள். ஹோஸைக் கண்டால் கடித்துப் பிடுங்குவதில் அதற்கு அப்படியொரு கொண்டாட்டம்.

"அவசரமே வேண்டாங்க. ஒவ்வொரு முழமா நிதானமா பாருங்க," என்று அவர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிவிட்டாள் ரோஸ்விதா.

அதற்குள் பக்கத்து வண்டி எர்னா, இரண்டு தோழிகளோடும் ஒரு கேக் டப்பாவோடும் வந்துவிட்டாள். "குளிர்ல தனியா கிடக்கிறாளே, துணைக்கு இருப்போம்னு வந்தோம்."

லோதருக்கு மனம் நெகிழ்ந்தது. முன்பெல்லாம் இவர்கள் சீட்டாட வருவார்கள். அவர் பின்னால் நின்றுகொண்டு, "ஐயோ, அந்த ராஜாவைப் போடாதே!" என்று ஆட்டத்துக்கு ஆட்டம் வழிகாட்டுவார். பாவம், இந்தக் குளிரில் யாருக்குச் சீட்டு ஞாபகம் வரும்?

மணி ஒன்று. முகாமில் மதிய ஓய்வு தொடங்கிவிட்டது. மூன்று மணிவரை சுத்தியல் சத்தம் கூடாது, பாட்டுக் கூடாது. இருமுவதென்றால்கூடக் கம்பளிக்குள் இருமவேண்டும்.

லோதர் ஓர் அட்டையைப் பனிமேல் விரித்து வண்டிக்கடியில் நுழைந்தார். ஹோஸின் கிளிப் கழன்று கிடந்தது. ஹோஸ் ஒரு பனிக்குவியலைச் சுகமாகச் சூடேற்றிக்கொண்டிருந்தது. உருகிய பனி அவர் காதுக்குள் சொட்டியது.

மேலே தரை அதிர்ந்தது. தடால்! தடால்!

'பாவம், கால் மரத்துப்போய்த் தரையை உதைக்கிறார்கள்' என்று அவருக்குக் கண் கலங்கியது. இனி மரநாய் கிட்டவே வரக்கூடாது. கழிப்பறையில் தொங்கவிடும் எலுமிச்சை வாசனை வில்லை ஒன்றை ஹோஸின் வாய்க்குள்ளேயே திணித்து, மாட்டி, மேலே டேப்பைச் சுற்றினார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறந்தது.

"லோதர்!" ரோஸ்விதா ரகசியக் குரலில் கத்தினாள். "படுக்கையறை முழுக்க ரயில் நிலையக் கக்கூஸ் மாதிரி மணக்குது!"

டேப்பைப் பிரித்து, வில்லையை எடுத்துவிட்டு, ஹோஸை மாட்டி மறுபடியும் டேப்பைச் சுற்றினார். அடுத்து எர்னாவின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டது. அதில் ஒரு பழைய காலுறை தொங்கியது.

"உள்ளே எங்க நாயைச் சீவின முடி. மரநாய்க்கு இந்த வாசனைன்னா உதறல் எடுக்கும். பிரிச்சு நல்லா நாலு இடத்துல கட்டுங்க. மெதுவா!"

மரநாய் பயந்ததோ இல்லையோ, முகாமிலிருந்த அத்தனை நாயும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஒரே குரைப்பு. ஒரு குட்டைக்கால் நாய் அவருடைய பூட்ஸைக் கவ்விக்கொண்டு பின்வாங்கியது.

முகாம் காவலர் கோர்பினியன் நுனிக்காலில் ஓடிவந்து குனிந்தார். "ஐயா, ஓய்வு நேரம்!" என்று கிசுகிசுத்தார். "இன்னொரு குரைப்பு கேட்டுது, இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான்!"

"நானா குரைக்கிறேன்?" என்று லோதரும் கிசுகிசுத்தார். "என்னை வெளியே இழுத்து விடுப்பா. தொப்பி டேப்புல ஒட்டிக்கிச்சு!"

கோர்பினியன் காலைப் பிடித்து இழுத்தார். தொப்பி வரவில்லை, தொப்பியோடு ஒட்டியிருந்த ஹோஸ்தான் மறுபடியும் பிடுங்கிக்கொண்டு வந்து, காவலரின் கோட்டுக்குள் சூடான காற்றை 'புஸ்'ஸென்று ஊதியது.

கோர்பினியனின் கோபம் உருகியது. "ஆகா... அப்படியே பிடிங்க ஐயா. முதுகுப் பக்கம் கொஞ்சம்."

முதுகு சூடானபின் அவரும் அட்டையில் படுத்துக் கைகொடுத்தார். கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடிச்ச தடமே இல்லையே. திருகைக் கழட்டியிருக்கு. மரநாய் எப்படிங்க திருகு கழட்டும்?"

"பவேரியா மரநாய்ப்பா," என்றார் லோதர். "விவரமான ஜாதி."

முகாம் மணி மூன்று அடித்தபோது ஹோஸ் இரு முனையிலும் இறுகி நின்றது. லோதர் பனிமனிதனாக உள்ளே போனார். நான்கு பெண்களும் கைதட்டினார்கள். ரோஸ்விதா காலைத் தூக்கிக் காட்டினாள். "வெதுவெதுன்னு இருக்கு! வண்டியை விக்கிற பேச்சே இனி கிடையாது!" என்று, எலுமிச்சை மணக்கும் அவர் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள்.

லோதர் உலகத்தையே வென்றவராகக் கை கழுவப் போனார்.

வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே எர்னா மெல்லக் கேட்டாள்:

"ரோஸி, நாளைக்கும் நம்ம மரநாய் ஒரு மணிக்கு முன்னாடியே வந்துடுமில்ல? திருகு கழட்டுற குறடு என் கேக் டப்பாவுல இருக்கு, சீட்டுக்கட்டு உன் தலையணைக்கடியிலேயே இருக்கட்டும். ஆனா சீட்டை மேசையில இவ்வளவு ஓங்கி அடிக்காதே!"

உங்கள் வீட்டிலும் கால்கள் என்றும் சூடாக இருக்கட்டும், கண்ணுகளா. எதுவும் கழலாமல் இருக்கட்டும்; கழன்றால், அன்புள்ள கை கழற்றியதாக இருக்கட்டும்.