ஹெல்மெட் போட்ட தாய்மாமன்

பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொன்னால் மற்ற பயந்தாங்கொள்ளிகள் கோபித்துக்கொள்வார்கள். கொரோனா காலத்தில் கீரைக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவியவன் நான். (அன்றைய கூட்டு நுரை தள்ளியது.)

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். திருவாதவூரில், கோயில் வேப்பமரத்தடியில். கட்டுப்பாடு இருந்ததால் கூட்டமில்லை. வீட்டு ஆட்கள் மட்டும். எல்லோருக்கும் மாஸ்க், தள்ளித் தள்ளி நாற்காலி. எல்லாம் சரி. ஆனால் குழந்தையை உட்கார வைக்க வேண்டியது தாய்மாமன் மடியில்! ஆறடி இடைவெளியை மடியில் எங்கே விடுவது?

"நீ வரலைன்னா மாமியா வீட்டுல என் மானம் போயிரும்ணே," என்றாள் தங்கச்சி.

போனேன். மழைக்கோட்டு, கையுறை, இரண்டு மாஸ்க், அதற்கு மேல் ஹெல்மெட். வெயில் மண்டையைப் பிளந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டது.

"அண்ணே, ஹெல்மெட்டக் கழட்டுங்கண்ணே. பிள்ளை மிரளுது," என்றார் காது குத்த வந்த ஆசாரி.

"காது அவளுக்குத்தானய்யா குத்தணும்? என் காது எதுக்குத் தெரியணும்?"

தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வீட்டுக்காரர்தான் வழி கண்டார். குழந்தை என்னைப் பார்த்துப் பழகியதெல்லாம் வீடியோ காலில்தான். அவர் தன் செல்போனில் இருந்த என் பழைய போட்டோவைத் திறந்து குழந்தை முன்னால் நீட்டினார். "இந்தா பாரு, மாமா!" அது போனைப் பார்த்துச் சிரித்தபடி என் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி சட்டென்று குத்தி முடித்தார்.

மறுநாள் வீட்டில் கருவாடு வறுத்தார்கள். தெருவே மூக்கைப் பிடித்தது. எனக்கு மட்டும் வாசனை வரவில்லை. பரிசோதித்தால், கொரோனா! ஊரார் எனக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நடுங்கியவன், நானே அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறேன். பிள்ளையை நினைத்து அழுதேன். (சத்தியமாக. அறைக்கு வெளியே நின்ற மனைவி சாட்சி.)

சில நாள் கழித்து, வந்திருந்த அத்தனை பேருக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒருவருக்கும் இல்லை.

"ஆளு கம்மி, வெட்டவெளி, எல்லாரும் மாஸ்க். பத்தாததுக்கு நீங்க வேற மூட்டையாக் கட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க. அதான் சார் பரவல," என்றார் போனில் சுகாதார ஆய்வாளர்.

பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் அப்பா இன்றும் எந்த விசேஷ வீட்டில் என்னைப் பார்த்தாலும் ஆரம்பித்துவிடுவார்: "எங்க மச்சான் கையில இருந்து ஒண்ணும் வாங்க முடியாதுப்பா. மடியில உக்கார வச்சும் எம் பிள்ளைக்கு ஒரு கொரோனாவக்கூடக் குடுக்கல!"