மெதுவாகப் போவதற்கென்றே ஒரு ஜீப்

கோயமுத்தூரில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் வேகமாகப் போவதற்காகப் பட்டறை பட்டறையாக அலைந்த காலத்தில், மெதுவாகப் போவதற்காக அலைந்த ஒரே ஜீவன் எங்கள் ஜீப்பம்மாதான். தேசம் முழுக்கச் சலித்தாலும் இன்னொருவர் கிடைத்திருக்கமாட்டார்.

ஜீப்பம்மா ஒரு டாக்டர். ஆர்.எஸ்.புரத்தில் சின்ன கிளினிக் வைத்திருந்தார். நான் அங்கே கம்பவுண்டர். ஐம்பதுகளின் கடைசி அது. வாரம் ஒருமுறை ஆனைகட்டிக்கு மேலே உள்ள மலைக்கிராமங்களுக்குப் போய் வைத்தியம் பார்ப்பார். அதற்காக ராணுவம் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால், எதிரே வருகிற சைக்கிள்காரர் பெடல் போட மறந்து பக்கத்துச் சந்துக்குள் போய்விடுவார்.

ஒருமுறை கால் ஒடிந்த ஓர் ஆளை அந்த ஜீப்பில் மலையிலிருந்து இறக்கினோம். பாதையா அது? பாறைகளுக்கு நடுவே கொஞ்சம் மண். வண்டி குதித்த குதியில், ஏறும்போது ஓரிடத்தில் ஒடிந்திருந்த கால், இறங்கும்போது இரண்டிடத்தில் ஒடிந்திருந்தது. அந்த ஆள் போட்ட கூச்சல் ஜீப்பம்மாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

"ஏனுங்க கம்பவுண்டரே, இந்த வண்டி மனுசன் நடக்கற வேகத்துல போகாதுங்களா?" என்றார்.

"மெதுவா ஓட்டுனா போகுமுங்கம்மா."

"ஓட்டிப் பாத்துப்போட்டேன். இஞ்சின் நின்னு போகுது. பிரேக்கை அமுத்துனா வழுக்குது. கியர் பத்தலைங்க."

ஜீப்பில் பெரிய கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. நாலு சக்கரத்துக்கும் பலத்தைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அதற்குள் இருக்கும் பல்சக்கரங்களை வேறு அளவில் வெட்டிப் போட்டால் வண்டி ஊர்ந்து போகும் என்று எங்கோ படித்துத் தெரிந்துகொண்டார். பீளமேட்டில் ஒரு லேத் பட்டறைக்காரரைப் பிடித்தார்.

"வேகம் கூட்டறதுன்னா செஞ்சு தர்றனுங்க. கொறைக்கறதுக்கு எதுக்குங்க காசைக் கொட்டறீங்க? கட்டை வண்டி வாங்கிக்குங்களே!" என்றார் அவர்.

"கட்டை வண்டி அந்தப் பாறைமேல ஏறுமுங்களா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தார் ஜீப்பம்மா.

முதல் ஜோடி பல்சக்கரம் தயாரானது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அந்தப் பெட்டியின் எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ரத்தப் பரிசோதனை மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். உள்ளே காந்தத்தை விட்டுத் துழாவினால் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். "பதம் பத்தலைங்க. வெண்ணெயாட்டத் தேயுது."

அடுத்த ஜோடிக்குப் பட்டறைக்காரர் ரோஷத்தில், இரும்பு கண்ணாடி மாதிரி இறுகும்வரை பதம் ஏற்றித் தள்ளிவிட்டார். ஆனைகட்டிப் பாதையில் தடாகம் ஊரைத் தாண்டியதும் படீரென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. இரண்டு காளைகளைப் பூட்டி இழுத்துவந்தோம். ஊரே வேடிக்கை பார்த்தது. ஜீப்பம்மாவோ உடைந்த பல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டியபடி, நகை வாங்கிய பெண் மாதிரி பின்னால் நடந்து வந்தார். மறுநாள் அதைப் பஞ்சின்மேல் வைத்துக் கிளினிக் மேசையில் பார்த்துக்கொண்டிருந்தபோது இருமலுக்கு மருந்து வாங்க ஒரு விவசாயி வந்தார்.

"யாருக்குங்கம்மா பல்லுப் புடுங்கினீங்க?"

"ஜீப்புக்குங்க," என்றார் இவர் தலை நிமிராமல்.

அந்த மனிதர் இருமலை மறந்து போயே போய்விட்டார்.

மூன்றாவது ஜோடி பார்வைக்கு நன்றாக இருந்தது. ஒரே ஒரு குறை: இறக்கத்தில் அந்தச் சின்னப் பெட்டியின் லிவர் தானாகத் துள்ளி வெளியே வந்துவிடும். வந்தால் வண்டிக்குப் பிடிப்பே இருக்காது, உருண்டுவிடும். "ஓட ஓடப் படிஞ்சுக்குமுங்க" என்றார் பட்டறைக்காரர். அது படிகிற வரைக்கும் லிவரைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகமும் எனக்கே வந்தது.

அதைச் சரியாகச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் மலையிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெண் புளியமரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். போனோம். மூங்கில் பட்டை வைத்துக் காலைக் கட்டி, அவளை வண்டியில் படுக்கவைத்தோம். ஏற்றிவிட்டு ஜீப்பம்மா அவள் புருஷனைக் கூப்பிட்டார்.

"மறைக்காமச் சொல்றனுங்க. இது புது கியர். நடுவழியில ஒடைஞ்சாலும் ஒடையும். பழைய கியரைப் போட்டு எடுத்தாறதுன்னா நாளைக்குத்தான்."

"முன்னால கால் ரெண்டு எடத்துல ஒடிஞ்சு வந்தது என் தம்பிதானுங்கம்மா," என்றார் அவர். "மெதுவாவே போங்க. நானும் கூடவே நடந்து வாரேன்."

நடந்தே வந்தார். எங்களுக்கு முன்னால் போய், ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டு, நாங்கள் வந்ததும் மறுபடி எழுந்து நடந்தார். ஓர் ஆட்டு மந்தை எங்களை முந்திக்கொண்டு போனது. கடைசியாகப் போன குட்டி ஒன்று திரும்பி நின்று எங்களைப் பார்த்துப் பரிதாபமாகக் கத்தியது. நான் இரண்டு கையாலும் லிவரைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். லிவர் ஆட்டுக்கிடாய் மாதிரி முட்டியது.

பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து முனகல் நின்றுவிட்டது.

ஜீப்பம்மாவின் முகம் வெளுத்தது. வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்கு என்னைக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, பின்னால் ஓடி ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார். புருஷன்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடிவந்தார். ஒரு நிமிடம் மலையில் காற்றுகூட வீசவில்லை. அப்புறம் கேட்டது ஒரு குறட்டை.

"தூங்கறாளுங்க!" என்றார் ஜீப்பம்மா. அடுத்த நொடியே என் பக்கம் திரும்பினார். "எந்த எடத்துல குலுக்கல் நின்னு தூங்குனா? பாத்தீங்களா?"

"இல்லீங்கம்மா, லிவரை..."

"அதைப் பாக்காம என்னத்தைப் பாத்தீங்க!"

ஆஸ்பத்திரியில் எலும்பு ஒரே முறிவாகத்தான் இருந்தது. காலும் பின்னால் சேர்ந்துவிட்டது. நாங்களெல்லாம் கியர் தேறிவிட்டது என்று கொண்டாடினோம். ஜீப்பம்மா மட்டும் நம்பவில்லை. பெட்டியைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு பல்லின் அடியில் முடிபோல் ஒரு கீறலைக் கண்டுபிடித்தார். "இன்னொரு தடவை போனா புட்டுக்கும்!" அந்தக் குரலில் இருந்த குஷியை இன்றுவரை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. நாலாவது ஜோடிக்கு அன்றே பீளமேட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் எத்தனை ஜோடி வெட்டினார் என்று பட்டறைக்காரரே மறந்துபோனார். லிவர் மட்டும் ஆறாவதோ ஏழாவதோ ஜோடியில் ஒருவழியாகப் படிந்தது.

புது ஜோடி ஒவ்வொன்றையும் போட்டதும், அது ஓடுகிற சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று சொல்லி, சாயங்காலம் என்னை அந்த ஊர்கிற கியரிலேயே வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார். வழியெல்லாம் பேச்சு: இந்த இரும்பு ஏன் அழுகிறது, அந்த இரும்பு ஏன் சிரிக்கிறது, எலும்பு சேர்வதுபோல் இரும்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று. நடந்து போகிறவர்கள் எங்களிடம் நலம் விசாரித்துவிட்டு முன்னால் போவார்கள். "இதுக்கு நடந்தே வந்திருக்கலாமுங்களே?" என்பாள் என் மனைவி.

வந்திருக்கலாம்தான். ஆனால் அந்த ஜீப்பில் வரும்போது மட்டும், வீடு இத்தனை சீக்கிரம் வந்துவிட்டதே என்று இருக்கும் எனக்கு.