திரையில் தெரிந்த ஹாஸ்லிங்கர்

கண்ணாடி முன் நிறுத்தினாலும் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தையே பார்க்கிற மனித இனம் ஒன்று உண்டு, வாசகரே. குறட்டையைப் பற்றிப் பத்திரிகையில் ஏதாவது வந்தால் இவர்கள் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டுவார்கள். கோபத்தின் கேடுகளைப் பற்றி யாராவது சொற்பொழிவாற்றினால், தம்பி வரவில்லையே என்று அங்கலாய்ப்பார்கள். தாங்கள் திருந்த நேரமே கிடைக்காது, பாவம். வியன்னாவில் இவர்கள் கொஞ்சம் அதிகம். அதிலும் சங்கீதக் கல்லூரியில்? கேட்கவே வேண்டாம்.

வாய்ப்பாட்டுப் பேராசிரியர் ஓட்மார் விண்டிஷையே எடுத்துக்கொள்வோம். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு இடம் கிடைக்காது. மாணவிகள் எப்படி மூச்சு விட வேண்டும் என்பதில் தொடங்கி, எந்தக் கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்ற வேண்டும், எந்த ஜன்னல் பக்கம் உட்காரக் கூடாது, எந்தப் பையனோடு பழகினால் மேல்ஸ்தாயி கெட்டுப்போகும் என்பதுவரை அத்தனையும் அவரே பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏதாவது பாடு, தொண்டை எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்பார். எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான். யார் இல்லை என்றார்கள்?

அவருடைய சிறந்த மாணவி ரோஸ்விதா. அவள் சால்ஸ்பர்கில் வேறொரு ஆசிரியையிடம் போய்ச் சேர ஆசைப்பட்டாள். ஆசையா? போகாவிட்டால் பாட்டையே விட்டுவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்த உலகத்தில் பாடகிக்குத் தகப்பன் பெயருக்கு முன்னால் ஆசிரியர் பெயர். 'விண்டிஷ் வகுப்புப் பெண்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பழைய ஆசிரியரிடம் முகத்துக்கு நேரே சொல்லாமல் யாரும் வகுப்பு மாறுவதில்லை. சால்ஸ்பர்க் அம்மாளும் அதையே சொல்லிவிட்டார். ரோஸ்விதாவும் சொல்லத்தான் போவாள். ஒவ்வொரு முறையும் அவள் வாயைத் திறந்ததும் பேராசிரியர் பியானோவில் சுருதி கொடுத்துவிடுவார். அவளும் பாடிவிட்டு வந்துவிடுவாள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஒரு வயலின் ஆசிரியர் தன் மாணவியின் தோழிகளை, காதலனை, தூக்கத்தை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்கிறார். கடைசியில் அவள் கூந்தலைத் தன் கையாலேயே வெட்டி எறிகிறார். அவள் அவருக்கு நன்றி சொல்கிறாள். அரங்கில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். தன்னால் சொல்ல முடியாததில் பாதியைப் படமே சொல்லிவிடும் என்று நம்பித்தான் ரோஸ்விதா பேராசிரியரை அழைத்துப் போயிருந்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு உயிர் வந்தது.

எதிரிலிருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்ததும் அவர் மேசையைத் தட்டினார். "ஹாஸ்லிங்கர். அச்சு அசல் ஹாஸ்லிங்கர்."

ஹாஸ்லிங்கர் என்பவர் மூன்றாம் மாடியில் வயலின் சொல்லிக்கொடுப்பவர். நடை, உடை, மூக்குக் கண்ணாடி, எல்லாம் அவர்தானாம். இயக்குநர் அவரிடம் படித்துத்தான் கெட்டிருக்க வேண்டுமாம். பேசிக்கொண்டே பேராசிரியர், அவள் கேட்டிருந்த ஐஸ் காப்பியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவளுக்குச் சூடாக மூலிகைத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றார். "உனக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது அவகிட்ட கேட்டாங்களா, சொல்லு?"

ரோஸ்விதா தேநீரைப் பார்த்தாள். பிறகு முணுமுணுத்தாள். "நான் உங்க வகுப்பை விட்டுப் போறேன், புரொபசர்."

"கேக்கல. தொண்டையிலயே பேசறே. மூச்சு எங்கே?"

மறுபடி சொன்னாள்.

"முடியும்போது குரல் தொய்யுது பார். கடைசி வரிசையில உக்காந்திருக்கறவன் என்ன பாவம் செஞ்சான்? நிமிந்து உக்காரு. திரும்பச் சொல்லு."

அவள் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றினாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே விலா விரிய மூச்சை நிரப்பினாள். சொன்னாள். சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; பரிசாரகர் தட்டோடு நின்றுவிட்டார்; சமையல்கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அருமை," என்றார் பேராசிரியர். அவர் முகமெல்லாம் பூரிப்பு.

அதற்குப் பிறகுதான் அர்த்தம் போய்ச் சேர்ந்தது. பூரிப்பு அப்படியே வடிந்தது. அவருக்கு நிஜமாகவே வலித்தது, அதில் பொய் இல்லை. அவர் அந்தப் பெண்மேல் பிரியம் வைத்திருந்தார். ரோஸ்விதா அழுதாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மனிதர் இடிந்துபோயிருப்பார் என்கிறீர்களா? மறுநாள் காலை கல்லூரி நடையில் அவர் எல்லாரிடமும் வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்: அந்தப் படம் சின்னப் பெண்ணைப் பயமுறுத்திவிட்டது, ஹாஸ்லிங்கர் மாதிரி ஆட்களால் ஆசிரியர் இனத்துக்கே கெட்ட பெயர். ஹாஸ்லிங்கரும் படம் பார்த்தாராம். அவருக்கு விண்டிஷ் ஞாபகமாகவே இருந்ததாம்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். படிக்கப் படிக்க உங்களுக்கும் யாரோ ஒரு மேலதிகாரியோ மாமாவோ கண்முன் வந்து நின்றிருப்பார். இதை அவருக்கு அனுப்பி வைக்கலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். அனுப்புங்கள், ஆட்சேபமில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் யாரோ பக்கத்தில் வந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள். நீங்கள் நிமிராமலே கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னீர்கள். அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள்?