கப்பல்காரரும் என் மூக்கும்

கருமத்தம்பட்டிக்குக் கடல் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் கப்பல்காரர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியும். பன்னிரண்டு விசைத்தறிகளை விற்றுவிட்டு, காலியான தறிக்குடோனுக்குள் கொச்சியிலிருந்து ஒரு பழைய பாய்மரப் படகை லாரியில் ஏற்றிவந்து நிறுத்திய மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

எனக்கு அவர் மேல் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றவர் அவர். ஊரில் மற்றவர்கள் கறிக்கடை வரிசையில் நிம்மதியாக நின்ற நேரத்தில், நான் ஒரு படகின் அடிவயிற்றுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

படகு வந்த அன்று தெருவே திரண்டது. பாய்மரத்தைக் கழற்றித் தனியாகக் கொண்டுவந்தும் ஒரு கேபிள் வயர் அறுந்தது. சரியாக என் வீட்டுக்கு வருகிற வயர். யாரோ ஒரு புண்ணியவான் படகின் மூக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டுப் போனார்.

“ஏனுங்ணா, இதை எங்கீங்க ஓட்டப் போறீங்க?” என்று கேட்டேன்.

“மொதல்ல எஞ்சின் ஓடட்டுங்க தம்பி. தண்ணி எங்கியும் போயிராது.”

காற்று நின்றுபோனால் கரைக்கு வந்து சேர, பாய்மரப் படகுக்கும் ஒரு எஞ்சின் வேண்டுமாம். இதில் இருந்தது என்னைவிட வயதில் மூத்த பெட்ரோல் எஞ்சின். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்காது. மனிதர் அதை மூன்று முறை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டினார். கார்புரேட்டரைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார். கேஸ்கெட்டைக் கத்தரிக்கோலால் தானே வெட்டினார். எஞ்சின் சூடாகாமல் இருக்க, நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஹோஸ் போட்டுவிட்டார். பத்து நாளைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீர் வருகிற தெரு எங்களுடையது. அந்த எஞ்சின் வாரம் ஒரு டிரம் குடித்தது. கேட்பார் இல்லை.

நான் மாட்டிக்கொண்டது என் வாயால்தான். ஒரு ஞாயிறு காலை குடோனைத் தாண்டிப் போகும்போது, “அண்ணா, பெட்ரோல் வாசம் அடிக்குதுங்க” என்று சொல்லித் தொலைத்தேன். கப்பல்காரர் வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நெசமாலுமே அடிக்குதுங்களா தம்பி?”

“தெருமுனை வரைக்கும் அடிக்குதுங்ணா.”

குலதெய்வம் நேரில் வந்ததுபோல் என்னைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் அவருடைய டிவிஎஸ் நின்றது. எடுத்தவுடன் பாடம்தான்.

“கார்ல பெட்ரோல் ஒழுகுனா ரோட்டுல போயிருமுங்க. படகுல எங்க போகும்? அடியிலயே ஆவியாப் படுத்துக்குமுங்க. அது தெரியாம சாவியத் திருப்புனா, நீங்க, நானு, குடோன் மூணும் அவிநாசில போய் உழுவோம்.”

ஆகவே முதலில் அந்த ஆவியை வெளியே தள்ள ஐந்து நிமிடம் காற்றாடி ஓட வேண்டும். பிறகு ஒருவர் குப்புறப்படுத்து, எஞ்சின் குழிக்குள் தலையை விட்டு மோந்துபார்க்க வேண்டும். வாசம் இல்லை என்றால்தான் சாவி. அந்த ஒருவர் யார் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. கொங்கு நாட்டில் பிறந்தவனுக்குக் கோபம் வந்தாலும் வாயில் ‘சரிங்ணா’ என்றுதான் வருகிறது.

என் சட்டைகள் எல்லாம் கிரீஸ் ஆயின. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை மோந்துபார்த்துவிட்டு, இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். கப்பல்காரரின் மனைவியான அக்கா மட்டும் பாவப்பட்டு டீ தருவார். ஒருநாள் பால் நன்றாக அடிப்பிடித்துவிட்டது. நான் ஒரு வாயோடு வைத்துவிட்டேன். கப்பல்காரர் கடைசிச் சொட்டுவரை ரசித்துக் குடித்தார். எஞ்சின் பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு வாரம் எனக்குச் சளி. இந்த ஞாயிறு தப்பித்தோம் என்று போர்வையை இழுத்துப் போர்த்தினால், மனிதர் நொச்சி இலையும் பாத்திரமுமாக வந்து நிற்கிறார்.

“ஆவி புடிங்க தம்பி. உங்க மூக்கு சரியாகற வரைக்கும் எஞ்சின் ஓடாதுங்க.”

என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மூக்கைப் பற்றி மட்டும்தான். நான் மனிதனா, ஸ்பேர் பார்ட்ஸா?

இந்த நேரத்தில் அவருடைய மகன் வந்து கெடு வைத்தார். திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறவர். மெஷின் போட அவருக்கு இந்தக் குடோன் வேண்டும்.

“அப்பா, தைப்பூசத்துக்குள்ள கொச்சிக்குக் கொண்டுபோய்த் தண்ணியில ஒரு மணி நேரம் நிக்காம ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா அங்கயே வெச்சுக்குங்க. இல்லீனா எஞ்சின் காயலாங்கடைக்கு. படகை ஒரு ரிசார்ட்டுல கேக்கறாங்க, பூச்செடி வெக்க.”

பூச்செடி என்றதும் கப்பல்காரரின் முகம் செத்துப்போனது.

அதற்குப் பிறகு ஞாயிறு மட்டுமில்லை, வியாழனும் டிவிஎஸ் வந்தது. நான் பொறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிறு, போனை அணைத்துவிட்டுச் சத்தியமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்கு ஓடிவிட்டேன். கிடாவிருந்து சாப்பிட்டுச் சாயங்காலம் திரும்பினால், குடோன் திறந்து கிடக்கிறது. உள்ளே கப்பல்காரர் படகில், காலையிலிருந்தே நகராதவர்போல், கையில் சாவியோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அக்கா வைத்த சாப்பாட்டுத் தட்டு ஆறிக் கிடக்கிறது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “ஏனுங்ணா, உங்களுக்கு சொந்தமா மூக்கு இல்லீங்களா?” என்று கத்திவிட்டேன். அப்போதும் ‘ங்க’ போட்டுத்தான் கத்தினேன்.

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அக்காதான் மெல்லச் சொன்னார். “இல்லீங்க தம்பி. அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனதுல இருந்து அவருக்கு ஒரு வாசமும் தெரியறதில்லீங்க. மல்லிகைப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். எனக்கோ அந்தக் குழிக்குள்ள குனிய முதுகு வளையாதுங்க.”

“பையங்கிட்ட சொல்லிப்போடாதீங்க தம்பி,” என்றார் கப்பல்காரர். “தெரிஞ்சா அன்னைக்கே சாவியப் புடுங்கிருவான்.”

 நான் காற்றாடியைப் போட்டுவிட்டுக் குப்புறப்படுத்தேன்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்னால் படகு கொச்சிக் காயலில் இறங்கியது. மகன் கரையில் வாட்சைப் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிடம் காற்றாடி. நான் குழிக்குள் தலையை விட்டேன்.

அடித்தது. நன்றாகவே அடித்தது.

“என்னுங்கப்பா, இன்னும் கிளம்பலீங்களா?” என்றார் மகன் கரையிலிருந்து.

வாசம் என்று சொன்னால், ஒழுகுகிற எஞ்சின் என்று அங்கேயே கதையை முடித்துவிடுவார். கண்முன்னால் பூச்செடி தெரிந்தது. கப்பல்காரர் மகனைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்க்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடிக்குதுங்ணா.”

மறுபேச்சுப் பேசாமல் சாவியை உருவி என் சட்டைப்பையில் போட்டார். வியர்க்க வியர்க்க கார்புரேட்டரைத் திறந்தார். லாரிக் குலுக்கலில் உள்ளே மிதவை சிக்கி, பெட்ரோல் வழிந்திருந்தது. மிதவையைச் சரிசெய்து, வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருந்ததால், மகன் கரையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மறுபடி காற்றாடி, மறுபடி நான்.

“இப்ப இல்லீங்ணா,” என்று சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் திருப்பிலேயே கிளம்பிய எஞ்சின் ஒரு மணி பத்து நிமிடம் நிற்காமல் ஓடியது. கடைசிப் பத்து நிமிடம் மகனும் ஏறி உட்கார்ந்து வந்தார்.

அந்த மகன் வாரப் பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படகு இப்போது கொச்சியில் நிற்கிறது. எனக்கென்ன விடுதலையா? மாதம் இரண்டு ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன். பாலக்காடு தாண்டிப் போய்க் குப்புறப்படுக்க வேண்டும். இது அநியாயம் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் சனிக்கிழமை மூக்கு லேசாக அடைத்தாலும், யாரும் சொல்லாமலே நொச்சி இலை போட்டு ஆவி பிடித்துக்கொள்கிறேன்.